புனிதக் கப்பல் திரும்பும் வரை

கி.மு. 399 ஆம் ஆண்டில் ஒரு நாள், ஏதென்ஸ் நகரத்துக் கப்பல் ஒன்றின் பின்புறத்தில் அப்போலோ தெய்வத்தின் பூசகர் மாலை சூட்டினார். மறுநாள் அந்நகர நீதிமன்றம் எழுபது வயது முதியவர் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தது. அவர் பெயர் சாக்ரட்டீஸ்.

மாலை சூட்டிய கப்பலுக்கும் மரண தண்டனைக்கும் என்ன தொடர்பு? பழங்காலத்தில் கிரேத்துத் தீவின் கொடிய விலங்குக்கு இரையாக அனுப்பப்பட்ட ஏழு இளைஞரையும் ஏழு கன்னியரையும் வீரன் தீசியஸ் மீட்டு வந்தான் என்பது ஏதென்ஸ் மக்களின் மரபுக் கதை. அம்மீட்புக்கு நன்றியாக ஆண்டுதோறும் அப்போலோ பிறந்த டீலோஸ் தீவுக்குக் காணிக்கைக் கப்பல் அனுப்புவதாக நகரம் நேர்ந்துகொண்டது. கப்பலுக்கு மாலை சூட்டிய நொடி முதல் அது திரும்பி வரும் வரை நகரம் தூய்மையாக இருக்க வேண்டும். அந்நாள்களில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது சட்டம்.

ஆகவே சாக்ரட்டீஸ் ஏறத்தாழ முப்பது நாள் சிறையில் காத்திருந்தார். அந்த ஒரு மாத காலமும் அவருடைய உயிரைத் தொட நகரம் துணியவில்லை. கப்பல் வந்தது. மறுநாள் மாலை நஞ்சுக் கிண்ணம் அவர் கையில் கொடுக்கப்பட்டது. நகரத்தின் பக்தியில் குறையில்லை; சட்டத்தை நிறைவேற்றியதிலும் குறையில்லை. நீதிமான் ஒருவர் மட்டும் இறந்தார்.

கிரேக்கரின் வாழ்வில் சமயம் வகித்த இடத்தைப் பற்றி எத்தனையோ நூல்கள் உள்ளன. ஆனால் அதன் பெருமையையும் வறுமையையும் ஒருங்கே காட்டுவதற்கு இந்த ஒரு கப்பல் போதும் என்று தோன்றுகிறது.

பெயர் தேவைப்படாத சமயம்

'சமயம்' என்று நாம் வழங்கும் சொல்லுக்கு நேரான ஒரு சொல் பண்டைய கிரேக்க மொழியில் இல்லை. பக்தி, பலி, சடங்கு, விழா என ஒவ்வொன்றுக்கும் சொல் இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி, வாழ்வின் பிற துறைகளிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மீனுக்குத் தண்ணீர் போல அது அவர்களைச் சூழ்ந்திருந்தது.

அனைவருக்கும் பொதுவான திருநூல் கிடையாது. விசுவாச அறிக்கை கிடையாது. பூசகர்களைப் பயிற்றுவிக்கக் குருமடம் கிடையாது. சில பூசகப் பதவிகள் குறிப்பிட்ட குடும்பங்களுக்கு உரியவை. சில, குலுக்கலில் விழும் ஓராண்டுப் பொறுப்புகள். பெண்களும் பூசகராய் இருந்தனர். நகரத்தைக் காக்கும் அதீனாவின் பூசகராக லிசிமாக்கே என்னும் பெண்மணி 64 ஆண்டுகள் பணிபுரிந்ததாகப் பிளினி என்னும் உரோமை எழுத்தாளர் குறித்துள்ளார்.

இச்சமயம் வீட்டு அடுப்பங்கரையில் தொடங்கியது. அடுப்பின் நெருப்பே ஹெஸ்டியா தெய்வம். குழந்தை பிறந்த சில நாள்களில் அதைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி வருவார்கள். அப்போதுதான் அக்குழந்தை அந்த வீட்டின் பிள்ளை ஆகும். புது மணப்பெண் வந்தாலும், புதிதாக வாங்கிய அடிமை வந்தாலும், அடுப்பருகே அமர்த்தி உலர்ந்த பழங்களையும் கொட்டைகளையும் தலைமேல் சொரிவார்கள். முற்றத்தில் ஜீயஸ் தெய்வத்தின் பலிபீடம். சரக்கறையிலும் அதே ஜீயஸ் வேறொரு பெயரில். வாசலில் ஹெர்மஸ் தெய்வத்தின் கற்றூண். மது அருந்துமுன் சில துளிகளைத் தெய்வங்களுக்கென்று தரையில் வார்த்த பின்பே கிண்ணத்தை உதட்டில் வைத்தார்கள்.

வீட்டில் தொடங்கியது ஆட்சிமன்றம் வரை நீண்டது. மக்கள் பேரவை கூடுமுன் பன்றிக்குட்டியைப் பலியிட்டு, கூடும் இடத்தைத் தூய்மைப்படுத்தினர். மக்களை ஏமாற்றிப் பேசுவோர் மீது கட்டியக்காரர் சாபம் கூறினார். தலைமை அதிகாரிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம், பதவி ஏற்குமுன் சில கேள்விகள் கேட்கப்பட்டன. உன் தந்தை யார்? உன் வீட்டு அப்போலோவின் இடமும் ஜீயஸின் இடமும் எங்கே உள்ளன? உன் முன்னோரின் கல்லறைகள் எங்கே? பெற்றோரை நன்கு பேணுகிறாயா? வரி செலுத்தினாயா? போருக்குச் சென்றாயா? தெய்வ வழிபாடும் பெற்றோர் பேணலும் வரி கட்டுதலும் ஒரே பட்டியலில் இடம்பெற்றதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு இவை மூன்றும் ஒரே கடமையின் மூன்று முகங்கள்.

பலியும் பந்தியும்

இச்சமயத்தின் நடுநாயகம் பலி. மாடோ ஆடோ பன்றியோ பலியிடப்பட்டது. கொழுப்பால் சுற்றிய தொடை எலும்புகள் தெய்வங்களுக்காக நெருப்பில் இடப்பட்டன. நறும்புகை மேலே சென்றது. இறைச்சியோ மனிதருக்கு. ஆகப் பலி என்பது விருந்தும் ஆகும். எளிய குடிமகனுக்கு மாட்டிறைச்சி கிடைத்தது பெரும்பாலும் இத்தகைய விழாக்களில்தான்.

ஏதென்ஸில் ஆண்டுதோறும் கோடையில் பானதெனேயா என்னும் பெருவிழா நடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது மிகச் சிறப்பாகக் கொண்டாடப்பட்டது. அதீனாவுக்கெனப் பெண்கள் நெய்த புத்தாடை பவனியாக எடுத்துச் செல்லப்பட்டது. கூடை ஏந்திய கன்னியர், ஒலிவக் கிளை ஏந்திய முதியோர், குதிரை வீரர், தட்டேந்திய வெளியூர்க் குடிகள் என ஊரே திரண்டு மலைக்கோட்டைக்கு ஏறியது. கி.மு. 447 முதல் 432 வரை எழுப்பப்பட்ட பார்த்தனான் கோவிலின் மேற்சுவரில் ஏறத்தாழ 160 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கப்பட்டுள்ள பவனி இவ்விழாவையே காட்டுகிறது என்பது அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. பொதுவாகக் கோவில்களில் தெய்வங்களின் செயல்களைத்தான் செதுக்குவார்கள். இங்கே தெய்வங்களோடு ஊர்மக்களும் கல்லில் இடம் பெற்றார்கள்.

அக்கோவிலினுள் சிற்பி பீடியஸ் அமைத்த அதீனா சிலை நின்றது. அதன்மேல் இருந்த பொன் நாற்பது தாலந்து எடை. போர் வந்தபோது நகரத்தின் செல்வத்தைக் கணக்கிட்ட பெரிக்கிளீஸ், அப்பொன்னும் கழற்றி எடுக்கத்தக்கதே என்றும், நகரத்தைக் காப்பதற்கு அதைப் பயன்படுத்தினால் பின்னர் முழுமையாகத் திருப்பி வைக்க வேண்டும் என்றும் கூறியதாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியுள்ளார். தெய்வத்தின் ஆடையே நகரத்தின் சேமிப்பு! நகரத்துக்கும் தெய்வத்துக்கும் இடையே கோடு கிழிக்க அவர்களால் இயலவில்லை. கிழிக்க விரும்பவும் இல்லை.

தனி மனிதரின் துயரத்துக்கும் இச்சமயம் இடம் அளித்தது. எப்பிதாவ்ரஸ் முதலிய ஊர்களில் அஸ்கிளேப்பியஸ் என்னும் குணமளிக்கும் தெய்வத்தின் திருத்தலங்கள் இருந்தன. நோயாளிகள் அங்கே இரவு தங்கி, கனவில் தெய்வம் தோன்றும் என்று காத்திருந்தார்கள். குணம் பெற்றோர் கை, கால், கண், செவி ஆகியவற்றின் உருவங்களைக் களிமண்ணில் செய்து காணிக்கையாக்கினர். கொரிந்து நகர அகழாய்வில் இவை ஏராளமாய்க் கிடைத்துள்ளன. நம் திருத்தலங்களில் வெள்ளியில் செய்த உறுப்புகள் காணிக்கையாகக் குவிவதைக் கண்ட எவரும் அக்களிமண் கைகளைப் பார்த்து நகைக்க மாட்டார்கள். வலி எக்காலத்திலும் ஒன்றே.

ஏதென்ஸிலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவில் எலூசிஸ் இருந்தது. தாய்த் தெய்வம் தெமேத்தேரும் அவள் மகளும் அங்கே போற்றப்பட்டனர். அங்கே நடந்த மறைச் சடங்கில் கிரேக்க மொழி அறிந்த எவரும், ஆணும் பெண்ணும் அடிமையும், பங்குபெறலாம்; கொலைப்பழி மட்டும் இருக்கக் கூடாது. மரணத்துக்குப் பின் நல்வாழ்வு உண்டு என்னும் நம்பிக்கையோடு அவர்கள் வீடு திரும்பினார்கள். அங்கே கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டளையை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் மக்கள் காத்தனர்.

தூய்மையின் மறுபக்கம்

இவ்வளவு உயிரோட்டமுள்ள ஒரு சமயம் எங்கே தவறியது? நாம் தொடங்கிய டீலோஸ் தீவுக்கே திரும்புவோம்.

கி.மு. 426 இல் ஏதென்ஸ் மக்கள் அத்தீவைத் தூய்மைப்படுத்த முடிவு செய்தனர். அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி அகற்றினர். அப்போலோவின் தீவில் இனி எவரும் இறக்கவும் கூடாது, பிறக்கவும் கூடாது என்று ஆணையிட்டனர். சாகக் கிடப்போரும் பிள்ளை பெறவிருக்கும் தாய்மாரும் பக்கத்துத் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கி.மு. 422 இல் அதுவும் போதாதென்று, தூய்மையற்றவர்கள் எனக் கூறி டீலோஸ் மக்கள் எல்லாரையும் தீவிலிருந்தே வெளியேற்றினர். மறு ஆண்டு தெல்பியின் தெய்வ வாக்கு கட்டளையிட்ட பின்னரே அவர்களைத் திரும்ப அழைத்தார்கள். தீவு தூய்மையாய் இருந்தது. மக்கள்தாம் வீடிழந்து நின்றனர்.

கி.மு. 415 இல் சிசிலித் தீவின்மேல் படையெடுக்க ஏதென்ஸ் ஆயத்தமானபோது, ஓர் இரவில் வீட்டு வாசல்களில் நின்ற ஹெர்மஸ் தூண்கள் உடைக்கப்பட்டன. நகரம் அஞ்சி நடுங்கியது. சாட்சிகளின் தகுதியை ஆராயாமல் பலரைச் சிறையிலிட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். படைத்தலைவருள் ஒருவரான அல்சிபியாடீஸ் எலூசிஸ் மறைச் சடங்கை இழிவு செய்தார் என்று குற்றம் சாட்டித் திரும்ப அழைக்கப்பட்டார். அவரோ எதிரியின் பக்கம் ஓடிப்போனார். கி.மு. 413 ஆகஸ்டு 27 அன்று, தோற்ற படை தப்பிச் செல்ல முனைந்த இரவில் நிலவு மறைந்தது. மும்முறை ஒன்பது நாள்கள் காத்திருக்க வேண்டுமெனக் குறிசொல்வோர் கூறினர். பக்திமானாகிய தளபதி நிசியாஸ் அதற்கு இணங்கினார். அந்தத் தாமதத்தில் படை முழுவதும் அழிந்தது.

அச்சத்தில் தளர்ந்திருந்த இந்நகரமே சாக்ரட்டீஸை நீதிமன்றத்தில் நிறுத்தியது. நகரம் ஏற்கும் தெய்வங்களை ஏற்கவில்லை. புதிய தெய்வங்களைப் புகுத்துகிறார். இளைஞரைக் கெடுக்கிறார் என்பவை குற்றச்சாட்டுகள். அவர் பலிகளைப் புறக்கணித்தவர் அல்லர். நஞ்சருந்திய பின்னும், அஸ்கிளேப்பியஸுக்கு ஒரு சேவல் காணிக்கை செலுத்தும் கடன் உள்ளதென நண்பருக்கு நினைவூட்டியவர். ஆயினும் அவர் தம்முள் ஒரு குரலைக் கேட்டதாகச் சொன்னார். தவறு செய்யப் புகும்போது அது தம்மைத் தடுக்கும் என்றார். பக்தி என்றால் என்ன என்று பக்திமான்களிடமே கேட்டார். அடுப்பங்கரைக்கும் ஆட்சிமன்றத்துக்கும் இடம் கொடுத்த சமயத்தில் இந்தக் குரலுக்கு இடம் இல்லை. நடுவர்கள் ஏறத்தாழ ஐந்நூறு பேர். முப்பது பேர் மாற்றி வாக்களித்திருந்தால் விடுதலை பெற்றிருப்பார் என்கிறார் பிளேட்டோ.

பவுல் அடிகளார் கண்ட நகரம்

நானூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன. கி.பி. 50 ஐ ஒட்டிய காலத்தில் புனித பவுல் ஏதென்ஸுக்கு வந்தார். திருத்தூதர் பணிகள் நூலின் 17 ஆம் அதிகாரம் அவ்வருகையை விவரிக்கிறது. பொதுச் சதுக்கத்தில் மக்களோடு அவர் உரையாடினார். சாக்ரட்டீஸும் அங்கேதான் உரையாடியவர். அன்னிய தெய்வங்களைப் பற்றிப் பேசுகிறவர் என்று அவரைக் குறித்துச் சிலர் சொன்னார்கள். சாக்ரட்டீஸ் மீது சுமத்திய பழியின் எதிரொலியே இது. கிரேக்கப் பண்பாடு அறிந்த புனித லூக்கா இதை எழுதும்போது, படிப்பவர் எவரும் அந்த முதியவரை நினையாதிருக்க இயலாது.

சிலைகள் நிறைந்த அந்நகரைக் கண்டு பவுல் உள்ளம் கொதித்தார் என்கிறது விவிலியம். ஆனால் அரயோப்பாகு மன்றத்தில் அவர் பேச எழுந்தபோது ஏளனம் செய்யவில்லை. அறியப்படாத தெய்வத்துக்கென எழுதப்பட்ட பலிபீடத்தை அவர் நின்று கவனித்திருந்தார். அவர்களுடைய கவிஞர் ஒருவரின் சொல்லையே எடுத்தாண்டார். அவர்களது தேடலிலிருந்தே பேச்சைத் தொடங்கினார். மன்றத்து உறுப்பினர் தியோனிசியுவும் தாமரி என்னும் பெண்ணும் வேறு சிலரும் மனம் மாறினர்.

பின்னர்க் கொரிந்து நகரக் கிறித்தவர்க்கு எழுதும்போது அவர் எதிர்கொண்ட சிக்கல் நாம் மேலே கண்ட பலியும் பந்தியும்தான். கோவிலில் படைத்த இறைச்சி சந்தையில் விற்கப்பட்டது. கோவில்களை ஒட்டி விருந்து மண்டபங்கள் இருந்தன. உறவினர் அழைத்தால் போவதா? வாங்கி உண்பதா? பவுலின் விடை பட்டியல் இடும் விடையன்று. சிலை என்பது ஒன்றுமில்லை; ஆயினும் உன் செயலால் வலுவற்ற சகோதரனின் மனச்சான்று புண்படுமானால் அந்த இறைச்சியை விட்டுவிடு என்றார். 'மனச்சான்று' என அவர் பயன்படுத்தியது கிரேக்கர் வழங்கிய சொல்லே. தூய்மை என்பது இறைச்சியில் இல்லை. அடுத்தவனிடம் நீ காட்டும் அன்பில் இருக்கிறது என்னும் புது அளவுகோலை அச்சொல்லைக் கொண்டே அவர் நாட்டினார்.

இந்த அளவுகோலோடு வாழ்ந்தவர்களுக்கு நகரம் சூட்டிய பெயர் என்ன? நாத்திகர்! நகரத்துப் பலிகளில் அவர்கள் கலந்துகொள்ளவில்லை அல்லவா? கி.பி. 155 ஐ ஒட்டிய காலத்தில் சிமிர்னா நகர ஆயர் புனித போலிக்கார்ப்புவிடம், நாத்திகரை ஒழிக்கும்படி முழங்கினால் விடுதலை என்றார் ஆளுநர். ஆயர், திரண்டிருந்த கூட்டத்தின் பக்கம் கைநீட்டி அதையே சொன்னார், எரிக்கப்பட்டார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வாழ்ந்த மறைசாட்சி புனித ஜஸ்டின், இறைவார்த்தைக்கு இசைய வாழ்ந்த சாக்ரட்டீஸ் போன்றோர், நாத்திகரெனக் கருதப்பட்டாலும் கிறித்தவரே என்று எழுதினார்.

கறை எங்கே?

இத்துடன் கட்டுரையை முடித்தால் நமக்கு மகிழ்ச்சியாக இருக்கும். கிரேக்கர் தவறினர், நாம் தவறவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

புனித யோவான் நற்செய்தியின் 18 ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு குறிப்பு உண்டு. இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுவந்தவர்கள் ஆளுநர் மாளிகைக்குள் நுழையவில்லை. நுழைந்தால் தீட்டு, தீட்டுப்பட்டால் பாஸ்கா விருந்தை உண்ண இயலாது. குற்றமற்றவரைச் சாவுக்குக் கையளித்துவிட்டு, தங்கள் தூய்மையைக் காத்துக்கொண்டு அவர்கள் வாசலில் நின்றார்கள். புனிதக் கப்பலுக்காகக் காத்திருந்த ஏதென்ஸின் செயல் இதினின்றும் எவ்வகையில் வேறுபட்டது? இதை ஓர் இனத்தின் குற்றமாகக் கருதக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் தெளிவாக்கியது. அது மனிதரின் குற்றம்.

நம்முடைய குற்றமும்கூட. கி.பி. 380 இல் பேரரசர் தியோடோசியுஸ் கத்தோலிக்க விசுவாசத்தைப் பேரரசின் சமயமாக ஆக்கினார். 391, 392 ஆம் ஆண்டுகளின் ஆணைகள் பழைய பலிகளைத் தடைசெய்தன. இப்போது நகரத்தின் சமயம் நம் சமயம். கி.பி. 415 இல் அலெக்சாந்திரியாவில் ஹைப்பேஷியா என்னும் கிரேக்கப் பெண் அறிஞர் வாழ்ந்துவந்தார். கணிதமும் மெய்யியலும் கற்பித்தவர். பிற்காலத்தில் ஆயரான சினேசியுஸ் அவர் மாணவருள் ஒருவர். அவரைத் திருச்சபை வாசகர் ஒருவரின் தலைமையில் வந்த கிறித்தவக் கும்பல் ஊர்தியிலிருந்து இழுத்துச் சென்று, ஒரு கோவிலினுள் வைத்துக் கொன்றது. இதைப் பதிவு செய்தவர் ஒரு கிறித்தவ வரலாற்றாசிரியர். இச்செயல் அலெக்சாந்திரியத் திருச்சபைக்குப் பழி சேர்த்தது என்று வருந்தி எழுதினார். அவர் பெயரும் சாக்ரட்டீஸ் என்பது வியப்பே. அது மார்ச்சு மாதம், தவக்காலம் என்றும் அவர் குறித்து வைத்தார். கும்பலில் இருந்தோர் அன்று நோன்பைக் கடைப்பிடித்திருக்கவும் கூடும்.

அங்கே புனிதக் கப்பல், எருசலேமில் பாஸ்கா, அலெக்சாந்திரியாவில் தவக்காலம். மூன்று இடங்களிலும் நாள்காட்டி பிசகவில்லை.

கிரேக்கரிடமிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது அவர்களின் நிறைவு. சமயம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் உரியதன்று. அடுப்புக்கும் சரக்கறைக்கும், வரி கட்டுவதற்கும் பெற்றோரைப் பேணுவதற்கும் அதில் பங்குண்டு. இதை நாம் மறந்துவருகிறோம். இரண்டாவது அவர்களின் குறை. வாழ்வு முழுவதையும் நிறைத்த சமயம்கூட, ஒருவர் உள்ளத்தில் ஒலிக்கும் குரலுக்குச் செவிமடுக்காவிட்டால், தூய்மையான கைகளோடு கொலை செய்யும். கொடியேற்றமும் நவநாளும் தேர்ப்பவனியும் குறைவின்றி நடக்கும் பங்கில், கேள்வி கேட்ட ஒருவரை ஒதுக்கிவைத்திருக்கிறோமா? விழா நாளில் ஏழையின் கூலி நம் கையில் நின்றுபோயிருக்கிறதா? இவற்றை நம்மையே கேட்டுக்கொள்ள இந்தப் பழங்கதை உதவட்டும்.

2000 ஆம் ஆண்டு மார்ச்சு 12, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. அன்று உரோமையில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், திருச்சபையின் மக்கள் கடந்த காலத்தில் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். மறு ஆண்டு மே 4 அன்று அவர் ஏதென்ஸுக்குச் சென்றார். சகோதரத் திருச்சபையான ஆர்த்தடாக்ஸ் மக்களுக்கு எதிராகக் கத்தோலிக்கர் இழைத்த தவறுகளுக்காக அங்கும் இறைவனின் மன்னிப்பை வேண்டினார். பின்பு, பவுல் அடிகளார் பேசிய அரயோப்பாகு குன்றில் அந்நாட்டின் ஆர்த்தடாக்ஸ் பேராயரோடு இணைந்து நின்றார். எதிரே மலைக்கோட்டையில் பார்த்தனான் நின்றது: அதீனாவின் கோவிலாய் இருந்து, பின்னர்ப் பல நூற்றாண்டுகள் அன்னை மரியாவின் ஆலயமாகவும் விளங்கிய அதே கட்டடம். சாக்ரட்டீஸின் நகரத்தில், முதுமையால் தளர்ந்த திருத்தந்தை தம் மக்களின் கறையை மறைக்காமல் அறிக்கையிட்டார். கப்பலுக்கு மாலை சூட்டுவதைவிட அதுவே மேலான வழிபாடு.